களிப்பு ஒன்றுதான் அளவுகோலா?

விளையாடுபவருக்குக் களிப்புத் தராத விளையாட்டு, நல்ல விளையாட்டு ஆகுமா? கேட்ட மாத்திரத்தில் 'ஆகாது' என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். விளையாட்டு என்ற சொல்லே மகிழ்ச்சியைத் தன்னுள் அடக்கியது அன்றோ! ஆயினும், எளிதாக விடை கிடைத்துவிடும் கேள்விகளையே நாம் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. கைபேசியிலும் கணினியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகள், பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து நெடுநாளாகிவிட்டது. அவற்றுள் சில கதை சொல்கின்றன. சில அறத்தைப் பற்றி வினவுகின்றன. சில ஆடுபவரை அழவும் வைக்கின்றன. மறுபுறத்தில், களிப்பின் பெயரால் வந்த சில, குடும்பங்களின் உடைமையையும் உயிரையும் பறித்திருக்கின்றன. ஆகவே, இது பொழுதுபோக்காகக் கேட்கப்படும் கேள்வி அன்று. மனிதன் தன் ஓய்வு நேரத்தை எதனிடம் ஒப்படைக்கிறான் என்பதைப் பற்றிய கேள்வி.

பிள்ளைப்பாக்கத்தின் கைகள்

இக்கேள்வியைப் பிள்ளைப்பாக்கத்தை மனத்திற்கொண்டு கேட்பது பொருத்தமாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்து பரந்து கிடக்கும் தொழில் வளாகங்களுள் ஒன்று, பிள்ளைப்பாக்கம் சிப்காட். ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூரின் பெயர் இன்று தொழிற்சாலைகளின் முகவரியாகிவிட்டது. அண்டையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014-இல் மூடப்படும் வரையில் கோடிக்கணக்கான கைபேசிகளை உலகுக்கு அனுப்பியது. சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கைபேசிகள் தயாராகின்றன. அங்குப் பணிபுரியும் பெண்களுக்கென வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

நோக்கியா என்றதும் பலருக்கு நினைவில் எழுவது, திரையில் நெளிந்து ஓடிய அந்தப் பாம்புதான். 1997-இல் அந்நிறுவனத்தின் 6110 என்னும் கைபேசியில் அறிமுகமான அச்சிறு விளையாட்டே, நம் நாட்டில் எத்தனையோ பேர் கைபேசியில் ஆடிய முதல் விளையாட்டு. உலகம் விளையாடும் கருவியை ஆக்கித் தருகின்ற கைகள் இந்த வட்டாரத்துக் கைகள். அக்கைகளுக்குரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, ஒரே திருகாணியை முடுக்கி, அல்லது ஒரே வகை உதிரிப் பாகத்தைப் பழுது உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி அமர்கிறார். இருக்கையில் சாய்ந்ததும் கைபேசியை எடுத்து ஒரு விளையாட்டைத் திறக்கிறார். வண்ண மிட்டாய்கள் வெடிக்கின்றன; கார்கள் பாய்கின்றன. அரை மணி நேரம் அவர் உலகை மறக்கிறார். அவரிடம் சென்று, 'களிப்பு மட்டும் போதாது' என்று உபதேசம் செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்தக் களிப்பை நம் மார்க்கமும் இழிவாக எண்ணவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) இளம்பருவத்தில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றுள் ஒரு குதிரைக்குச் சிறகுகள் இருந்ததைக் கண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னையார் காணும்படி அண்ணலார் நின்று மறைத்துக் கொடுத்ததையும் அவை பதிவு செய்துள்ளன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் சிறுவர் வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, பாடம் முடிந்து வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்கச் செய்தால் உள்ளம் மாண்டு அறிவு மழுங்கும் என்பது அவர் கருத்து. பிள்ளைக்குச் சொன்னது பாடுபடும் பெரியவருக்கும் பொருந்தும். களிப்பு, களைத்தவரின் உரிமை. இதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே மேலே செல்வது நேர்மை.

களிப்பு இருந்தால் போதுமா?

களிப்பு உரிமை என்பது வேறு. களிப்பே தரத்தின் அளவுகோல் என்பது வேறு. களிப்பு இருந்தால் போதும் என்பது உண்மையாயின், பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தைவிட நல்ல விளையாட்டு இருக்க முடியாது. ஏனெனில், அடுத்த சீட்டில் வெற்றி என்ற ஆவலை அதைப்போல் கிளறிவிடுவது பிறிதில்லை. அதன் விளைவைத் தமிழகம் கண்கூடாகக் கண்டது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், 2022-இல் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து இயற்றப்பட்ட தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடப்படுபவை; அவற்றை முறைப்படுத்தலாமேயன்றி அடியோடு தடுக்கலாகாது என்று அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. பின்னர் 2025-இல், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடலாகாது என்ற மாநில விதி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இத்தனை வழக்குகளிலும் வாதங்களிலும், அவ்விளையாட்டு களிப்பூட்டுகிறதா என்பதை எவரும் ஐயுறவில்லை. களிப்பூட்டியதால்தான் அது கேடாயிற்று. நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நுட்பத்தை உணர்ந்திருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஷாஃபிஈ சட்டநூல்கள் சதுரங்கத்தை விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்துகின்றன. ஆனால் அதில் பணயம் வைத்தாலோ, அதனால் தொழுகை தவறினாலோ அது விலக்கப்பட்டதாகிவிடும் என்கின்றன. அவர்கள் களிப்பைத் தராசில் ஏற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டம் மனிதனை எதிலிருந்து பிரிக்கிறது, எதனோடு சேர்க்கிறது என்பதையே அவர்கள் வினவினர்.

களிப்பு இல்லாவிட்டால் குறையா?

களிப்பு மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. இனி, அது கட்டாயமாக வேண்டுமா என்று பார்ப்போம். இவ்விடத்தில் தொல்காப்பியரே நமக்கு எதிராக நிற்பதுபோல் தோன்றும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த அவர், உவகை பிறக்கும் நான்கு களங்களுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். விளையாட்டின் இடம் உவகையே என்பது அவர் வாக்கு. அப்படியாயின் அழவைப்பதை விளையாட்டு என அழைப்பது பிழையன்றோ என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானதே. ஆனால் சொற்கள் தாம் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. 'கூத்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'கூத்தடிக்கிறான்' என்றால் கும்மாளமிடுகிறான் என்றே இன்றும் பொருள். அதே கூத்துதான் இந்தத் தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் விடிய விடியக் கர்ணனின் சாவை ஆடிக் காட்டுகிறது. பொன்னுருவியின் புலம்பலில் ஊரே கண் கலங்குகிறது. விடியற்காலையில் எழுந்து போகிறவரிடம் 'கூத்து எப்படி?' என்று கேட்டால், 'நன்றாக இருந்தது' என்கிறார். 'நன்றாக இருந்தது' என்பதற்கு 'களிப்பாக இருந்தது' என்பதா பொருள்? அன்று. உள்ளத்தைத் தொட்டது என்பதே பொருள். கேளிக்கையின் பெயர் தாங்கிய கலை அழுகைக்கு இடம் கொடுத்தும் தன் பெயரை இழக்கவில்லை. விளையாட்டு மட்டும் அப்பேற்றைப் பெறலாகாதா?

பெற்றிருக்கிறது என்பதற்குத் தமிழரின் படைப்பே சான்று தருகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் உருவாக்கி, 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட வீடியோ விளையாட்டின் பெயர் 'வெண்பா'. அதை வடிவமைத்தவர் அபி என்ற தமிழர். கதை 1988-இல் தொடங்குகிறது. தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் வாழ்க்கை அது. தாயார் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆடுபவரின் வேலை. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி சென்று சேரும், எது முதலில், எது பின்னர் என்பவைதாம் அதிலுள்ள புதிர்கள்.

பகைவர் இல்லை; பந்தயம் இல்லை; புள்ளிக் கணக்கும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விளையாட்டு என்ற அளவில் இது மிக எளிது, மிகக் குறுகியது என்று குறை கூறியவர்களும் உண்டு. ஆயினும் 2024-இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவின் தலையாய பரிசையும், அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதையும் அது வென்றது. தமிழ்ப் பெயர் தாங்கி, தமிழ்ச் சமையலறையைக் களமாகக் கொண்ட படைப்புக்கு இப்பெருமை கிடைத்ததில் நாம் பூரிப்பது இயல்பே. ஆனால் நம் வாதத்துக்கு வேண்டியது அப்பெருமை அன்று. அதில் கையாளப்பட்ட வழி.

தாயின் மொழியில் பேசக் கூசுகிற மகன், அவள் கட்டிக் கொடுக்கும் உணவை மறைக்க விரும்புகிற மகன், வளர்ந்தபின் அதே குறிப்பேட்டைத் திறந்து, அதிலுள்ள தமிழைப் படிக்கத் தடுமாறுகிறான். அவனுக்காகச் சமைப்பவர் நாமே. தாயின் கையாக இருந்து எளிதாகச் செய்ததை, மகனின் கையாக மாறித் தட்டுத் தடுமாறிச் செய்கிறோம். கதையாகப் படித்தால் 'ஐயோ பாவம்' என்று இரங்கியிருப்போம். இங்கே அந்த இழப்பு நம் விரலுக்கு வந்துவிடுகிறது. அழுகை பிறக்கும் களங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் 'இழவு' என்பதைக் குறித்தார். விளையாட்டின் வழியாகவும் அவ்விழவை உணர முடியும் என்பதை 'வெண்பா' மெய்ப்பித்தது.

செய்யும் கையின் பொறுப்பு

இங்கே விளையாட்டுக்கென்றே உரிய ஆற்றல் ஒன்று புலப்படுகிறது. சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற வரலாற்றை உமறுப் புலவர் பாடியிருப்பதை நாம் அறிவோம். வேடன் கட்டிய மான், கன்றுக்குப் பால் கொடுத்துத் திரும்ப விடை கேட்கிறது. அண்ணலார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். படிக்கும் நாம் அண்ணலாரின் கருணையில் உருகுகிறோம், மானுக்காகக் கலங்குகிறோம். வேடனின் இடத்தில் நின்று பார்க்க நமக்குத் தோன்றுவதேயில்லை. அன்றைய உணவு கையில் கிடைத்துவிட்டது; வீட்டில் பசித்த வயிறுகள் காத்திருக்கின்றன; அவிழ்த்துவிட்டால் திரும்பி வரும் என்று உலக வழக்கு சொல்லாது. கயிற்றை அவிழ்ப்பதா, வேண்டாமா? காப்பியம் அம்முடிவை வேடனிடம் விட்டுவிடுகிறது. நல்ல விளையாட்டு அக்கயிற்றை நம் கையில் கொடுத்துவிடும்.

2013-இல் லூகாஸ் போப் என்பவர் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' அத்தகையது. கொடுங்கோல் ஆட்சி நடக்கும் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆடுபவர் சோதனை அதிகாரியாக அமர்கிறார். ஒவ்வொருவராக வருகின்றனர். கடவுச்சீட்டு, அனுமதிச்சீட்டு, பெயர், தேதி, முத்திரை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, ஏற்றோ மறுத்தோ முத்திரை குத்த வேண்டும். நாள் முடிவில், சரிபார்த்த தலைகளுக்கு ஏற்பக் கூலி. அதில் வாடகை, உணவு, குளிர்காய வெப்பம், நோயுற்ற உறவினருக்கு மருந்து. ஒருநாள் ஒரு கணவன் வருகிறான். அவன் தாள்கள் சரியாக உள்ளன. அடுத்து வருபவள் தன் மனைவி, இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிச் செல்கிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் மேலிடத்துக் கண்டனச் சீட்டு வரும். கண்டனங்கள் பெருகினால் கூலி குறையும். விடாவிட்டால் ஒரு குடும்பம் பிரியும்.

இது களிப்பா? பிள்ளைப்பாக்கத்தில் நாள் முழுவதும் உதிரிப் பாகங்களைச் சோதித்துவிட்டு வருபவரிடம் இதைக் கொடுத்தால், 'இதைத்தானே காலையிலிருந்து செய்தேன்!' என்பார். அவர் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் இரண்டுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடும் உண்டு. ஆலையின் லைனில் அவர் முன் வருவது பொருள். தள்ளுவதா ஏற்பதா என்பதை அளவுமானி முடிவு செய்துவிடுகிறது. அவர் மனச்சாட்சிக்கு அங்கே வேலை இல்லை. இவ்விளையாட்டில் அவர் முன் வருவது மனிதன். அதே சலிப்பான கைவேலையின் நடுவே, விதிக்கும் இரக்கத்துக்கும் இடையில் அவர் தனித்து நிற்கிறார். கொடிய ஆட்சிகள் கொடியவர்களால் மட்டும் நடைபெறுவதில்லை. பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டிய எளிய எழுத்தர்களாலும் நடைபெறுகின்றன என்ற உண்மையை, நூறு பக்கக் கட்டுரையைவிட அந்த முத்திரைக் கட்டை நன்றாக உணர்த்திவிடும். அச்சலிப்பை நீக்கிக் களிப்பாக்கினால் அவ்வுண்மையும் உடன் போய்விடும்.

கையறு நிலை

இன்னும் ஒரு படி மேலே சென்ற படைப்பும் உண்டு. அமெரிக்காவில் ரயன் கிரீன், ஏமி கிரீன் என்ற பெற்றோரின் மகன் ஜோயல், ஒரு வயதிலேயே மூளைப் புற்றுநோய்க்கு ஆளாகி, 2014-இல் ஐந்து வயதில் இறந்தான். அவனை வளர்த்த நாட்களையும் இழந்த துயரையும் அப்பெற்றோர் தம் நண்பர்களோடு சேர்ந்து 'தட் டிராகன், கேன்சர்' என்ற விளையாட்டாக்கி 2016-இல் வெளியிட்டனர். அதன் ஒரு காட்சியில், மருத்துவமனை அறையில் குழந்தை தாகத்தாலும் வலியாலும் அழுதுகொண்டேயிருக்கிறது. தந்தையின் இடத்தில் நிற்கும் நாம் எதைத் தொட்டாலும், எதைக் கொடுத்தாலும் அழுகை ஓய்வதில்லை. எத்தனை திறமை இருந்தாலும் அங்கே வெற்றியில்லை.

நம் முன்னோர் புறத்துறைகளுள் ஒன்றுக்குக் 'கையறு நிலை' என்று பெயரிட்டனர். மாண்டவரை எண்ணிச் செயலற்று வருந்தும் நிலை அது. கையே அனைத்துமாகிய விளையாட்டில் கை செயலற்றுப் போகும்போது, அச்சொல் தன் நேர்ப்பொருளையே பெற்றுவிடுகிறது. நூலில் கையறு நிலையைப் படிக்கிறோம். இங்கே அதற்குள் நிற்கிறோம். தம் அருமை மகன் இப்ராஹீம் மடியில் உயிர் நீத்தபோது அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்தன. கண்டு வியந்த தோழரிடம், அக்கண்ணீர் இரக்கத்தின் அடையாளமே என்று அவர்கள் உணர்த்தினார்கள். பொறுமை என்பது உணர்ச்சியற்றிருப்பது அன்று. செய்ய ஒன்றுமில்லாத இடத்திலும் அன்பைக் கைவிடாதிருப்பதே பொறுமை. இப்பாடத்தைக் களிப்பின் வழியாக எவராலும் புகட்ட இயலாது.

எதைக் கொண்டு அளப்பது?

அப்படியானால் சலிப்பூட்டுவதெல்லாம் உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அது முதற்பிழையைவிடப் பெரும்பிழையாகும். உபதேசத்தைத் திணித்து, ஆடுபவரின் கைக்கு வேலையே கொடுக்காத விளையாட்டு, நல்ல விளையாட்டும் அன்று. நல்ல உபதேசமும் அன்று. நம் பரமபத சோபானத்தை நோக்குக. நற்செயல் ஏணியாகவும் தீச்செயல் பாம்பாகவும் அதில் வரையப்பட்டுள்ளன. நோக்கம் உயர்ந்ததே. எனினும் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் கையில் இருக்கின்றன. ஆடுபவர் நன்மையைத் தேர்வதுமில்லை, தீமையைத் தவிர்ப்பதுமில்லை. ஆதலால், அறத்தின் படம் அங்கே இருக்கிறது. அறத்தின் செயல் இல்லை.

ஆகவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இதுவாகும்: அவ்விளையாட்டு நம் கையை எச்செயலில் ஈடுபடுத்துகிறது? ஆட்டம் முடிந்தபின் நம்மை எந்நிலையில் நம்மிடமே திருப்பித் தருகிறது? ஈடுபாடு இன்றியமையாதது; அது இல்லையேல் எவரும் ஆடமாட்டார். ஆனால் ஈடுபாடு களிப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. துயரமும், தயக்கமும், குற்றவுணர்வும்கூட மனிதனை ஈடுபடுத்த வல்லவை. எளிய பாம்பு விளையாட்டு, களைத்த மனிதரைச் சற்றே இளைப்பாற்றித் திருப்பித் தந்தால் அது நல்லது. 'வெண்பா' ஒரு மகனைத் தன் தாயை நினைக்கச் செய்து திருப்பித் தந்தால் அதுவும் நல்லது. உறக்கத்தையும் ஊதியத்தையும் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவது, எத்தனை களிப்பூட்டினாலும் தீயது.

பிள்ளைப்பாக்கத்தின் பஸ்ஸில் சாய்ந்திருப்பவருக்கும் இதுவே நம் மறுமொழி. அவருடைய அரை மணி நேரக் களிப்பை நாம் குறைகூற வரவில்லை. அது அவர் உழைத்துப் பெற்றது. நாம் குறைகூறுவது, அவருக்குக் களிப்பைத் தவிர வேறெதுவும் புரியாது என்று எண்ணிக்கொண்டு பண்டங்களைச் செய்து குவிப்பவர்களை. பகலெல்லாம் அவர் கையை வாங்கிக்கொண்ட உலகம், இரவில் அவர் நெஞ்சையும் வெறுமையாக்க வேண்டுமா? கூத்துப் பார்த்து அழுத மக்களின் பேரப்பிள்ளை அவர். அழத்தக்கதைக் கண்டு அழவும், தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கவும் அவருக்கும் உள்ளம் உண்டு. அவ்வுள்ளத்தை நம்பித் தமிழில் விளையாட்டுகளை ஆக்கும் இளைஞர்கள் இங்கேயே தோன்ற வேண்டும் என்பது நம் அவா. இன்ஷா அல்லாஹ், தோன்றுவார்கள்.

இவ்வுலக வாழ்வே விளையாட்டும் வேடிக்கையுமாக இருக்கிறது என்று திருமறை பலமுறை நமக்கு நினைவூட்டுகிறது. ஆயினும் நாளை இறைவனின் திருமுன்னர், அவ்விளையாட்டில் களித்தாயா என்று நாம் கேட்கப்படப் போவதில்லை. அதில் என்ன செய்தாய் என்றே கேட்கப்படுவோம்.